எச்சவும்மையும் எண்ணும்மையும்

ஈழத்துத் தமிழில் அரசியலமைப்புக்கு 'யாப்பு' என்று இன்னொரு பெயருண்டு. செய்யுளின் கட்டுமானத்தைக் குறிக்கும் அதே சொல்தான். யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுள் யாப்பை எழுத்தெண்ணி, சீர் பிரித்து, தளை பார்த்து வாசிப்பது எமது மரபு. அரசியல் யாப்பை அப்படி வாசிக்கும் வழக்கம் எம்மிடையே இல்லை. அது வழக்கறிஞர்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் உரிய பண்டமென்றே கருதப்பட்டு வந்துள்ளது.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பு 2022 ஒக்டோபர் வரை 21 தடவைகள் திருத்தப்பட்டது. அதை மாற்றவேண்டும் என்று எப்போதாவது சொல்லாத கட்சி தெற்கிலும் அரிது, வடக்கிலும் அரிது. எதை மாற்றுவது என்று எம்மவரைக் கேட்டால் வழமையாகக் கிடைக்கும் விடை ஒரே சொல்தான்: சமஷ்டி. சுயநிர்ணயம், தன்னாட்சி, கூட்டாட்சி என்று அச்சொல்லுக்கு உறவினர் பலர். அவர்களில் எவரோடும் எமக்குப் பகையில்லை. ஆயினும் அந்த யாப்பின் நோய் அதன் பெரிய சொற்களில் மட்டும் இல்லை, சிறிய சொற்களிலேயே ஆழப் பதிந்திருக்கிறது என்பது எமது வாசிப்பு. குறிப்பாக ஓர் 'உம்'மில்.

18ஆம் உறுப்புரையை எடுத்துக்கொள்வோம். அதன் முதலாம் பந்தி, இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்கிறது. இரண்டாம் பந்தி, தமிழும் ஓர் அரசகரும மொழி என்கிறது. முதலாவது 1978இல் எழுதப்பட்டது. இரண்டாவது 1987 நவம்பரில் 13ஆவது திருத்தத்தோடு ஒட்டப்பட்டது. ஆங்கிலப் பிரதியை வாசிப்போர் இன்னுமொன்றையும் கவனிக்கலாம். சிங்களத்தைப் பற்றிய வாக்கியத்தில் அரசகரும மொழி என்பதற்கு முன்னால் நிற்பது, 'இதுவே அது' எனக் குறித்துச் சுட்டும் சொல். தமிழைப் பற்றிய வாக்கியத்தில் அவ்விடத்தில் நிற்பது, பலவற்றுள் ஒன்று எனப் பொருள்படும் சொல்.

தொல்காப்பியத்தின் இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும். அவற்றுள் இரண்டு இங்கு எமக்கு வேண்டியவை. 'சாத்தனும் வந்தான்' என்றால் அது எச்சவும்மை. வேறு யாரோ ஏற்கெனவே வந்துவிட்டார். சாத்தன் பின்னால் வந்து சேர்ந்தவன். 'சாத்தனும் கொற்றனும் வந்தார்கள்' என்றால் அது எண்ணும்மை. இருவரும் ஒரே வாக்கியத்தின் எழுவாய்கள். பயனிலை இருவருக்கும் பொது. அது பன்மையாகவும் மாறிவிடுகிறது. எழுத்தளவில் இரண்டும் ஒரே 'உம்'தான். ஆனால் ஒன்றில் அவன் விருந்தாளி, மற்றதில் வீட்டுக்காரன்.

இலங்கை யாப்புக்கு எண்ணும்மை தெரியாததன்று. அடுத்த உறுப்புரையே, அதாவது 19, இலங்கையின் தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும் என்கிறது. 1978இலேயே அப்படித்தான் எழுதப்பட்டது. தேசிய மொழி என்பது மரியாதை. அரசகரும மொழி என்பது அதிகாரம். மரியாதையைப் பகிரும்போது எண்ணும்மை கைகொடுத்தது. அதிகாரத்தைப் பகிர நேர்ந்தபோது பேனா எச்சவும்மைக்கு மாறிவிட்டது. இதை வரைவாளரின் கவனக்குறைவென்று கொள்ள முடியாது. 1987 யூலை 29இல் கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்திலும் இதே அமைப்பே உள்ளது. அங்கும் சிங்களத்துக்குத் தனி வாக்கியம். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து அடுத்த வாக்கியத்தில் வருகின்றன. இத்தீவில் பிறந்து வளர்ந்த மக்களின் தாய்மொழியும், போன ஆட்சியாளர் விட்டுச்சென்ற மொழியும் ஒரே திண்ணையில் இருத்தப்பட்டன.

இது வெறும் இலக்கண வம்பு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குச் சற்றுப் பழைய கதையொன்றை நினைவூட்டலாம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழியென்றால் இரண்டு நாடு, இரண்டு மொழியென்றால் ஒரு நாடு என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவரே 1970இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராகி 1972ஆம் ஆண்டு யாப்பின் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அந்த யாப்பு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன் உடம்புக்குள் ஏற்றுக்கொண்டது. தமிழ்மொழி உபயோகத்துக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளையோ, அவை யாப்பின் ஏற்பாடுகளாகப் பொருள்கொள்ளப்படலாகா என்று எழுதி வெளியில் வைத்தது. ஒரு மொழியை உள்ளே அழைத்து, மற்ற மொழி உள்ளே வந்துவிடாதபடி யாப்பே வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொண்ட காட்சி அது. 15 ஆண்டுகளின் பின்னர் கதவு திறந்தபோது கிடைத்ததுதான் அந்த 'உம்'.

அதற்கு முந்திய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைப் பொற்காலமாகப் பேசுவோரும் எம்மிடையே உளர். எந்தவொரு சமூகத்துக்கும் மற்றையோருக்கில்லாத சலுகையைக் கொடுக்கும் சட்டம் செல்லாது என்று அது சொன்னது உண்மை. வாக்கியம் நேரானது, அதில் எச்சம் எதுவுமில்லை. எனினும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழர் நாடற்றோராக்கப்பட்டபோது அந்தப் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. அச்சட்டம் ஒரு சமூகத்தைப் பற்றியதல்ல, பிரசைகள் யார் என்பதைப் பற்றியதே என்ற தர்க்கத்தை 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த தமிழ் அரச ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கில் 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்றது. வழக்கு மேலே சென்றது. 1969இல் கோமறைக் கழகம் வேறொரு சட்டப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு, மொழிக் கேள்வியைத் தீர்க்காமலேயே திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை வருமுன் 1972 மே 22 வந்தது. 29ஆம் பிரிவும் போயிற்று.

ஆகவே நல்ல வாக்கியம் ஒன்றை எழுதிவிட்டால் போதும் என்று நாம் சொல்லவில்லை. வாக்கியத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதைப் பின்னால் வந்து விழுங்கும் வாக்கியம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இங்கேதான் இரண்டாவது 'உம்' வருகிறது. 'ஆயினும்', 'எது எவ்வாறிருப்பினும்' என்று சட்டத்தமிழில் அடிக்கடி காணும் சொற்களின் வாலில் இருப்பதும் இதே 'உம்'தான். முதலாவது 'உம்' எம்மைப் பின்வரிசையில் இருத்தும். இரண்டாவது, இருத்திய கதிரையையும் எடுத்துவிடும்.

13ஆவது திருத்தம் இதற்குச் சிறந்த பாடநூல். மாகாணங்களுக்கென ஒரு நிரல் இருக்கிறது. கல்வி, விவசாயம், காணி, பொலிஸ் எல்லாம் அதில் உள. பக்கத்திலேயே மத்திக்கான ஒதுக்கிய நிரல் இருக்கிறது. அதன் தலையில் 'எல்லா விடயங்களும் பணிகளும் பற்றிய தேசியக் கொள்கை' என்று எழுதப்பட்டிருக்கிறது. எல்லா விடயங்களும் என்றால் மாகாணத்துக்குக் கொடுத்தவையும் அடக்கம். இலக்கணத்தில் இதற்குப் பெயர் முற்றும்மை.

இத்திருத்தம் 1987இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது ஒன்பது நீதியரசர்கள் கொண்ட ஆயம் பிளவுபட்டது. ஒரு சாரார், மாகாண சபைகள் மத்திக்குக் கீழ்ப்பட்டவையே, எனவே ஒற்றையாட்சி கெடவில்லை, சர்வசன வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்று கண்டனர். எதையும் உண்மையாகக் கொடுக்கவில்லை என்று காட்டியதனால் உயிர்தப்பிய அதிகாரப் பகிர்வு இது. அதிலிருந்து கால்நூற்றாண்டு கழிந்து, 2013 செப்டெம்பர் 21இல் வட மாகாண சபைக்கு முதற் தேர்தல் நடந்தது. மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தனர். ஐந்து நாள் கழித்து, செப்டெம்பர் 26இல், அரச காணி மீதான அதிகாரம் மத்தியிடமே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடக்கையும் கிழக்கையும் இணைத்த 1988ஆம் ஆண்டு ஏற்பாடும் 2006 ஒக்டோபரில் இவ்வாறே அறுந்தது. நீதியரசர்களைத் திட்டுவதில் பயனில்லை. பாதிக்குமேல் அவர்கள் வாசித்தது பிரதியில் உள்ளதையே.

வேறு உறுப்புரைகளிலும் இந்த இரண்டாவது 'உம்' பதுங்கியிருக்கிறது. 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 16ஆம் உறுப்புரையோ, 1978இல் ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயிருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியின்படி, ஒரு சட்டமூலத்தில் சபாநாயகர் கையொப்பமிட்ட பின் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக' என்ற சொல் இருந்தது. மூன்று ஆண்டுக்கென வந்த அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலுள்ளவர் முன் கொடுத்த வாக்குமூலத்தையே அது சான்றாக ஏற்றது. சித்திரவதையைத் தடைசெய்யும் 11ஆம் உறுப்புரை அதே யாப்பில் பூட்டுப்போட்டுப் பாதுகாக்கப்பட்டிருந்தது. தடை தாளில் இருந்தது. வாக்குமூலமும் தாளில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் நடந்ததை எமது வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பூட்டைப் பற்றிப் பேசினால் 83ஆம் உறுப்புரைக்கு வரவேண்டும். சில உறுப்புரைகளை மாற்ற மூன்றிலிரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒற்றையாட்சி பற்றிய 2ஆம் உறுப்புரையும் பௌத்தத்துக்கு முதன்மை கொடுக்கும் 9ஆம் உறுப்புரையும் அப்பட்டியலில் உள. சமத்துவம் பற்றிய 12 இல்லை. மொழி பற்றிய 18 இல்லை. மாகாண சபை அத்தியாயம் இல்லை. ஒரு வீட்டில் எந்த அறைக்குப் பூட்டுப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், வீட்டுக்காரர் எதைத் தன் சொத்தாகக் கருதுகிறார் என்று தெரிந்துவிடும்.

9ஆம் உறுப்புரையிலும் முதன்மை வாக்கியம் பௌத்தத்துக்கு உரியது. மற்ற மதங்களின் உரிமைகள் 'அதேவேளை' என்று தொடங்கும் துணைவாக்கியத்துக்குள் வருகின்றன. அத்துணைவாக்கியத்தின் பலம் 2003இல் சோதிக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தின் மென்சிங்கனைத் தாயகமாகக் கொண்ட கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அது 9ஆம் உறுப்புரைக்கும் முரணானதென்று தீர்மானிக்கப்பட்டது. சோதனை வரும்போது துணைவாக்கியம் தோற்கும்.

இந்த நோய் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. எம்மிற் பலர் அதை வேறொரு நாட்டில், தம் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறார்கள். அரசியற் காரணங்களால் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை உண்டு என்பதை ஜேர்மனியின் அடிப்படைச் சட்டம் நான்கே சொற்களில் கூறியிருந்தது. நாசி ஆட்சியில் தம்மவர் அயல்நாட்டு வாசல்களில் நின்ற நினைவோடு 1949இல் எழுதப்பட்ட வாக்கியம் அது. 1993 மே 26இல் ஜேர்மன் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. நான்கு சொற்களையும் அழிக்கவில்லை. புதிய உறுப்புரையின் முதலாம் பந்தியாக அப்படியே வைத்தார்கள். அதன்கீழ் மேலும் நான்கு பந்திகளைச் சேர்த்தார்கள். பாதுகாப்பான மூன்றாம் நாடொன்றின் வழியாக வந்தவர் முதலாம் பந்தியைத் துணைக்கழைக்க முடியாது என்றார்கள். ஜேர்மனியின் தரை எல்லை நாடுகள் அனைத்தும் அப்படிப் பாதுகாப்பானவையாகக் கொள்ளப்பட்டன. உரிமை முழுதாக இருந்தது. அதை அடையும் பாதைதான் இல்லை. செக் எல்லையிலும் போலந்து எல்லையிலும் இரவுகளைக் கழித்த எம்மவருக்கு இந்த இலக்கணத்தை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

இப்போது பெரிய சொற்களுக்கு வருவோம். 2016இல் தொடங்கிய யாப்பாக்க முயற்சியின் இடைக்கால அறிக்கை 2017 செப்டெம்பரில் வெளிவந்தது. அரசின் இயல்பைக் குறிக்க ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் அது முன்மொழிந்தது. சிங்கள வாசகர் தமக்குப் பழக்கமான பழைய சொல்லையே கண்டார். தமிழ் வாசகர் ஒற்றையாட்சி என்ற சொல் போய்விட்டதைக் கண்டார். இருவரும் ஒரே பக்கத்தை வாசித்து வெவ்வேறு நாடுகளை அடைந்தனர். எம்மவரில் ஒரு சாரார் இதனை ஏமாற்றென்றனர்; மறு சாரார் சாணக்கியமென்றனர். 2018 ஒக்டோபர் நெருக்கடியோடு அம்முயற்சி தேங்கியது.

'ஒருமித்த' என்ற சொல் எமக்குப் பிடித்தமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருமிப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்டோர் வேண்டும். அச்சொல்லுக்குள்ளேயே எண்ணும்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் தமிழில் மட்டும் இருந்து சிங்களத்தில் இல்லாவிட்டால், அது மொழிபெயர்ப்பில் ஒளித்து வைத்த உரிமையாகிவிடும். ஒளித்து வைத்ததை வெளியே எடுக்கும் நாளில் நீதிமன்றத்தில் நிற்கப்போவது எந்தப் பிரதி? சிங்கள மக்களிடம் அவர்களுடைய மொழியில் நேராகச் சொல்லத் துணியாத எந்த மாற்றமும் நிலைக்காது. 1997ஆம் ஆண்டு வரைபு, பிராந்தியங்களின் ஒன்றியம் என்று வெளிப்படையாகவே எழுதியது. 2000ஆம் ஆண்டில் அது சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அச்சொல் போய்விட்டது. அதன் பிரதிகளையும் சபைக்குள்ளேயே எரித்தார்கள். அவ்வரைபின் ஆக்கத்தில் பெரும்பங்கு வகித்த நீலன் திருச்செல்வம் அதற்கு முந்திய ஆண்டு, 1999 யூலை 29இல், கொழும்பில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். எரித்தவர்கள் ஒரு பக்கம், கொன்றவர்கள் மறுபக்கம்.

விமர்சனம் ஒருபக்கப் பார்வையாக நின்றுவிடலாகாது. தமிழர் தரப்பில் எழுதப்பட்டவற்றையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும். 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானம் மதச்சார்பின்மையையும் சாதி ஒழிப்பையும் எழுதியது. 1985இன் திம்புக் கோட்பாடுகள் நான்கும் தமிழரின் தேசியம், தாயகம், சுயநிர்ணயம், பிரசாவுரிமை என்பவற்றைப் பேசின. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தம்மை யாரென்று கருதுகிறார்கள் என்ற கேள்வி அவற்றில் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். 2003 ஒக்டோபர் இறுதியில் புலிகள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை வரைபு முஸ்லிம்களுக்கும் இடம் கொடுத்தது. புலிகள் நியமிப்போருக்கு அறுதிப் பெரும்பான்மை, முஸ்லிம்களும் இருப்பர். அந்த 'உம்' எங்கிருந்து வந்தது? 18ஆம் உறுப்புரையிலிருந்துதான் வந்தது. கொழும்பு எமக்கு எழுதியதை நாம் என்ற பெயரில் சிலர் மற்றவர்க்கு எழுதினார்கள்.

வீட்டுக்குள்ளும் இதுதான் கதை. தேசவழமைக்கு உட்பட்ட, மணமான பெண் தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. 1978இல் சமத்துவத்தை எழுதிய யாப்பு, 16ஆம் உறுப்புரையின் நிழலில் இதையும் காப்பாற்றிவிட்டது. புலம்பெயர்ந்த நாட்டில் தனக்கென வேலையும் வங்கிக் கணக்கும் வைத்திருக்கும் பெண், கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ உள்ள தன் தாய் தந்த நிலத்துக்குக் கணவனின் கையொப்பத்தைத் தேடவேண்டியிருந்தது. பிரிந்து போன கணவனாயின் அந்தக் கையொப்பத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பேரினவாத யாப்பென்று நாம் ஏசும் யாப்பின் ஓர் உறுப்புரை எமது ஆண்களுக்குக் குடையாக நின்றதைப் பற்றி எமது மேடைகளில் எவரும் பேசுவதில்லை.

இவ்வளவும் சொல்ல எமக்கு என்ன உரித்து என்று கேட்போர் உளர். அங்கே வாழாதவன் அங்குள்ள யாப்பைப் பற்றி ஏன் பேசவேண்டும்? நியாயமான கேள்விதான். தெல்லிப்பழையில் மீளக்குடியேறக் காத்திருப்பவரின் குரலுக்கு முன்னால் எமது குரல் ஒலிக்கக்கூடாது. அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் யாப்பு எம்மை மறக்கவில்லை. 1983 ஆகஸ்டு 8இல், யூலையின் சாம்பல் ஆறுமுன்னர், நிறைவேற்றப்பட்ட 6ஆவது திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதைத் தடைசெய்தது. இலங்கைக்கு உள்ளேயோ வெளியேயோ என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. தண்டனைகளுள் சொத்துப் பறிமுதலும் ஒன்று. வீடெரிந்து கப்பலேறியவர்களை அந்த யாப்பு தேடிவந்து சந்தித்த முதல் இடம் அது. இரண்டாவது இடம் இரட்டைப் பிரசாவுரிமை. அத்தகையோர் பாராளுமன்றம் செல்லலாகாதென்று 2015இன் 19ஆவது திருத்தம் சொன்னது. 2020இன் 20ஆவது அனுமதித்தது. 2022இன் 21ஆவது மீண்டும் தடுத்தது. இவை எம்மை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவையல்ல, தலைநகரின் குடும்ப அரசியலுக்காக எழுதப்பட்டவை என்றே பரவலாகப் பேசப்பட்டது. வேறு யாரையோ குறிவைத்த கல் எமது முற்றத்திலும் விழுந்தது. எம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிரதியை வாசிக்க எமக்கு உரித்துண்டு.

அப்படியானால் நாம் எதை மாற்றுவோம்? நீளமான பட்டியல் எம்மிடமில்லை. இலங்கையின் அரசகரும மொழிகள் சிங்களமும் தமிழும் என்று 18ஆம் உறுப்புரையை ஒரே வாக்கியமாக எழுதுவோம். 9ஆம் உறுப்புரையில் எல்லா மதங்களையும் சமமாகப் பேணுவதை அரசின் கடமையாக முதன்மை வாக்கியத்துக்குக் கொண்டுவருவோம். 16ஆம் உறுப்புரையை நீக்குவோம். அதனால் தேசவழமையின் அந்த ஏற்பாடும், மற்றச் சமூகங்களின் அதுபோன்றவையும் நீதிமன்றத்தில் நின்று தம்மை நியாயப்படுத்தட்டும். 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியை நீக்கி, நிறைவேறிய சட்டத்தையும் கேள்வி கேட்கும் கதவைத் திறப்போம். மாகாண அதிகாரங்களை மத்தியின் தயவிலிருந்து எடுத்து யாப்பின் நேரடிக் கொடையாக்கி, அவற்றை மாற்ற மாகாணங்களின் சம்மதமும் வேண்டும் என்று பூட்டுவோம். சமத்துவத்துக்கும் அதே பூட்டு. மாகாணத்துக்குள் சிறுபான்மையாவோருக்கு, அவர் முஸ்லிமாயினும் சிங்களவராயினும், அவர்களே பங்கேற்று எழுதும் உறுதிப்பாடு.

6ஆவது திருத்தத்தையும் நீக்குவோம். பிரிவினை வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வன்முறையைத் தண்டிக்கச் சட்டங்கள் உள. கருத்தைத் தண்டிக்கும் யாப்பு தன் வாதத்தில் தனக்கே நம்பிக்கை இல்லையென்று ஒப்புக்கொள்கிறது. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2017 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்திருத்தம் வந்து 34 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பேசியிருக்கக்கூடிய எத்தனை பேச்சுக்கள் பேசப்படாமலே போயின என்பதற்குக் கணக்கில்லை.

எழுதினால் கடைப்பிடிப்பார்களா என்ற கேள்வி மிஞ்சுகிறது. 13ஆவது திருத்தத்தின் பொலிஸ் அதிகாரங்கள் எழுதப்பட்டும் கொடுக்கப்படவில்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரே ஆண்டார். ஆனால் அந்தக் கடைப்பிடியாமையும் பிரதிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதே எமது வாதம். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் அந்த ஆளுநரிடம். வாக்குறுதியை மீறுவோரைக் கேட்கக்கூடிய இடம் எதுவும் பிரதியில் இல்லை. எச்சவும்மையில் எழுதியதை எச்சமாகவே நடத்தினார்கள்.

இன்னொரு வரைபு என்றாவது வரும். கொழும்பிலிருந்து வரலாம், எம்மவர் கூடி எழுதும் ஒன்றாகவும் இருக்கலாம். அது கைக்குக் கிடைத்ததும் சமஷ்டி என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தேடிவிட்டு மூடிவிடவேண்டாம். அதிகாரம் பற்றிய வாக்கியங்களின் எழுவாய் யார் என்று பாருங்கள். 'உம்' வருமிடத்தில் அது யாரோடு யாரை எண்ணுகிறது, யாரை யாருக்குப் பின்னால் நிறுத்துகிறது என்று பாருங்கள். பிறகு பக்கத்தைப் புரட்டி, 'ஆயினும்' எங்கே ஒளிந்திருக்கிறதென்று தேடுங்கள். அந்த வாக்கியங்களில் தமிழர் இருக்கும் இடத்தில் ஒரு முஸ்லிமை, ஒரு மலையகத் தொழிலாளியை, தன் நிலத்தை விற்கப்போகும் ஒரு பெண்ணை வைத்து மறுபடி வாசியுங்கள். அப்போதும் வாக்கியம் நேராக நின்றால், அது நல்ல யாப்பு.